உயரம் வேறு, ஏற்ற இறக்கம் வேறு

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



ரவூப் வட்டாரத்தில் ஐந்தாறு ஏக்கர் டுரியான் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அவரிடம் தொண்ணூறுகளில் வாங்கிய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்-அப் இருக்கிறது. என்ஜின் இன்னும் சொன்னபடி கேட்கிறது. மழை பெய்த மறுநாள் மேட்டில் ஏறும்போதுதான் தகராறு. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றுகிறது, வண்டி நகர மறுக்கிறது. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகன் பாலைவனப் பந்தயக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, "லாங் டிராவல் சஸ்பென்ஷன் போட்டுவிடலாம், அப்பா" என்கிறான். பக்கத்துப் பட்டறைக்காரரோ, "அதெல்லாம் வேண்டாம், நாலு அங்குலம் தூக்கிவிட்டால் போதும்" என்கிறார். மூவரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மூன்று விஷயங்களைப் பேசுகிறார்கள். காசு வீணாவது இங்கேதான் தொடங்குகிறது.

லாங் டிராவல் என்றால் நீண்ட பயணம் என்று பொருள் கொள்ளக்கூடாது. சக்கரம் மேலே எவ்வளவு தூரம் ஏறும், கீழே எவ்வளவு தூரம் இறங்கும் என்ற மொத்த அளவே அது. வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது வேறு கணக்கு. உயரமாக நிற்கும் வண்டிக்கு ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கலாம். தாழ்வாக நிற்கும் வண்டிக்கு அது தாராளமாகவும் இருக்கலாம்.

இந்தக் கலை வளர்ந்த இடம் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பாலைவனம். அங்கே 1967-இல் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த நெடும் பந்தயம்தான் பின்னாளில் பாஹா 1000 என்று பெயர் பெற்றது. இன்று அதில் முன்னணியில் ஓடும் டிராபி டிரக் எனப்படும் வண்டிகளின் முன்சக்கரம் ஏறக்குறைய இரண்டடி ஏறி இறங்கும். பின்சக்கரம் அதற்கும் மேல். மேடு பள்ளங்களில் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து, விழுந்து, மறுபடி பாயும் வண்டிக்கு அது தேவை. 1997-இல் மலேசியாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இதற்கு நேர் எதிர். அங்கே வேகத்துக்கு இடமில்லை. சேறு, ஆறு, வழுக்குப் பாறை, வின்ச் கயிறு இவைதான். ரவூப் தோட்டப் பாதை இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை.

அடுத்து வண்டியின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். பழைய பிக்-அப்களில் முன்பக்க அமைப்பு இரண்டு வகை. அந்தக் கால நாலு சக்கர ஹைலக்ஸ்களில் ஒரு வகைக்கு, முன்னும் பின்னும் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும். அதைப் பட்டை ஸ்பிரிங் தாங்கும். மிட்சுபிஷி ஸ்ட்ராடா, பழைய ஃபோர்ட் ரேஞ்சர், பிந்திய ஹைலக்ஸ்களில் பல ஆகியவற்றுக்கு முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும். அவற்றில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் என்ற நீண்ட எஃகுத் தண்டு முறுக்கேறி எடையைத் தாங்குகிறது.

டார்ஷன் பார் வண்டிக்காரர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தண்டின் நுனியில் உள்ள போல்ட்டைத் திருகினால் அரை மணி நேரத்தில் வண்டியின் மூக்கு இரண்டு அங்குலம் உயர்ந்துவிடும். செலவும் சொற்பம். ஆனால் சக்கரத்தின் மொத்த ஏற்ற இறக்கம் ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை. கீழே இறங்குவதற்கு மிச்சமிருந்த இடத்தை உயரமாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சிறு பள்ளத்திலும் மேல் ஆர்ம் போய்த் தடுப்பு ரப்பரில் இடிக்கும். "தூக்கிய பிறகு வண்டி குதிரை மாதிரி உதைக்கிறது" என்று பலர் புலம்புவது இதனால்தான்.

உண்மையான லாங் டிராவல் இந்த வகை வண்டியில் எப்படிக் கிடைக்கிறது? ஆர்மை நீளமாக்குவதால். ஒரு சிறு கணக்கு போதும். 12 அங்குல ஆர்ம் மேலே 20 பாகையும் கீழே 20 பாகையும் அசைந்தால் சக்கரம் சுமார் 8 அங்குலம் ஏறி இறங்கும். அதே கோணத்தில் 16 அங்குல ஆர்ம் சுமார் 11 அங்குலம் கொடுக்கும். இணைப்புகளின் கோணம் மாறாததால் அவை சீக்கிரம் தேய்வதில்லை. இதற்கு விலை வேறிடத்தில் வருகிறது. ஒவ்வொரு பக்கமும் சக்கரம் 4 அங்குலம் வெளியே தள்ளப்படுகிறது. வண்டி மொத்தம் 8 அங்குலம் அகலமாகிறது. முன் அச்சுத் தண்டுகள், ஸ்டீரிங் கம்பிகள், பிரேக் குழாய்கள், மட்கார்டு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். செம்பனைத் தோட்டத்து ஒற்றையடிப் பாலத்தில் அந்த 8 அங்குலம் என்ன பாடு படுத்தும் என்பது ஓட்டியவருக்குத் தெரியும். தவிர, இத்தகைய மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின், அதாவது ஜேபிஜே-யின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த பிறகு அந்தக் கடிதத்தைத் தேடுவதில் பயனில்லை.

ரவூப்காரரின் வண்டி முதல் வகை, முழு அச்சு வண்டி. ஒரு விதத்தில் அவர் கொடுத்து வைத்தவர். முழு அச்சில் ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது மறுபக்கச் சக்கரம் தானாகவே கீழே அழுத்தப்படும். மெதுவாக ஏறும் பாதைக்கு இதைவிட எளிய அமைப்பு கிடையாது. இங்கே ஏற்ற இறக்கம் பட்டை ஸ்பிரிங்கின் நீளத்தில் இருக்கிறது. நீளமான, வளைவு குறைந்த, மெல்லிய பட்டைகள் பல அடுக்கியது நன்றாக மடங்கி நீளும். குட்டையாக, வில்போல வளைந்து, தடித்த பட்டைகள் கொண்டது உயரம் கொடுக்கும், அசையாது. கடைகளில் "லிஃப்ட் கிட்" என்ற பெயரில் விற்பவற்றில் பல இரண்டாவது ரகம். அமெரிக்காவில் பழைய டொயோட்டாக்களின் பின்பக்கத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸ் பிக்-அப்பின் 63 அங்குலப் பட்டைகளைத் தேடிப் பிடித்துப் பொருத்துகிறார்கள். உயரத்துக்காக அல்ல, நீளத்துக்காக.

அச்சை ஸ்பிரிங்கின் கீழே மாற்றிப் பொருத்தும் முறையும் உண்டு. ஒரே நாளில் வண்டி ஐந்தாறு அங்குலம் எழுந்து நிற்கும், பார்க்கக் கம்பீரம். ஆனால் மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் அச்சு சுழலப் பார்க்கும், பட்டை எஸ் போல முறுக்கிக்கொள்ளும், பின் தண்டின் இணைப்பு உடையும். தடுப்புக் கம்பி தனியாகப் போட வேண்டும். காராக் நெடுஞ்சாலையின் வளைவுகளில் முந்நூறு நானூறு கிலோ டுரியானுடன் இறங்கும் வண்டிக்கு இந்தக் கம்பீரம் வேண்டாம்.

இனி அப்சோர்பர். ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது, அப்சோர்பர் ஆட்டத்தை அடக்குகிறது. இரண்டையும் ஒன்றாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் இரண்டும் வீண். விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அளவு எடுக்க வேண்டும். பழைய அப்சோர்பரைக் கழற்றிவிட்டு, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தடுப்பு ரப்பரில் இடிக்கும் வரை மேலே ஏற்றி, இரு போல்ட் துளைகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பிறகு சக்கரத்தைக் கடைசி வரை தொங்கவிட்டு மறுபடி அளக்க வேண்டும். புதிய அப்சோர்பர் முழுதும் சுருங்கும்போது முதல் அளவைவிடக் குட்டையாகவும், முழுதும் நீளும்போது இரண்டாவது அளவைவிட நீளமாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் அப்சோர்பரே தடுப்பாக வேலை செய்யும். ஒரு மாதத்தில் எண்ணெய் ஒழுகும். இந்த அளவை எடுக்காமல் "உங்கள் மாடலுக்கு இதுதான்" என்று பெட்டியைத் திறக்கும் கடையைவிட்டு வெளியே வந்துவிடலாம்.

தனித்தனியே அசையும் முன்சக்கரத்துக்கு இன்னொரு சூட்சுமம் உண்டு. சுருள் ஸ்பிரிங்குடன் கூடிய அப்சோர்பரை ஆர்மின் நடுவில் பொருத்தினால், சக்கரம் 10 அங்குலம் அசையும்போது அது 5 அங்குலம்தான் அசையும். சக்கரத்தில் உணரப்படும் ஸ்பிரிங்கின் கடினம் பாதி அல்ல, நாலில் ஒரு பங்கு. பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்பி வாங்கியவர் வண்டி தொய்ந்துபோகக் கண்டு திகைப்பதற்கு இதுவே காரணம்.

எண்ணெய் டப்பா தனியாக வெளியே வைத்த விலையுயர்ந்த அப்சோர்பர் தேவையா? மணிக்கணக்கில் வேகமாக ஓடும்போது எண்ணெய் கொதித்து நுரைத்து வலுவிழக்கும். அதைத் தடுக்கத்தான் அந்த டப்பா. பாலாக் லோரிகள் ஓடும் மண் சாலையில் நெடுந்தூரம் விரைந்து போகிறவருக்குப் பயன்படும். தோட்டத்துக்குள் முதல் கியரில் ஏறுகிறவருக்கு அது அலங்காரம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டிய செலவு ஒன்று இருக்கிறது. முப்பது வயது வண்டியின் சேசிஸில் துரு, வெல்டிங் வெடிப்பு, முக்கியமாக ஸ்டீரிங் பெட்டி பொருத்திய இடத்தில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த புஷ்களையும் பால் ஜாயின்டுகளையும் மாற்றினாலே பாதிப் பேருக்கு "புது சஸ்பென்ஷன்" கிடைத்துவிடும். சக்கரம் கூடுதலாகத் தொங்கும்போது பழைய பிரேக் குழாய் எட்டாமல் அறுந்துபோகக்கூடும். மலை இறக்கத்தில் அது நடந்தால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நீளமான குழாயும், சக்கரம் எல்லை தாண்டாமல் பிடித்துக்கொள்ளும் பட்டையும் இல்லாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றக்கூடாது.

ரவூப்காரரின் மூலக் குறைக்கு வருவோம். அந்தரத்தில் சக்கரம் சுற்றுவதற்கு சஸ்பென்ஷன் மட்டும் காரணமல்ல. சாதாரண டிஃபரன்ஷியல், தரையைப் பிடிக்காத சக்கரத்துக்கே சுழற்சியை விட்டுவிடும். பின் அச்சுக்கு ஒரு டிஃப் லாக், பாரத்தைத் தாங்கும் உதவிப் பட்டையோடு நீளமான பின் ஸ்பிரிங், அளந்து வாங்கிய நாலு அப்சோர்பர், இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாத உயரம். அவருக்கு இவை போதும். மகன் கேட்கும் நீண்ட ஆர்ம் அந்த வண்டியில் பொருத்தவே முடியாது, ஏனெனில் அதில் ஆர்மே இல்லை. பட்டறைக்காரர் சொல்லும் நாலு அங்குலம், சக்கரத்தைத் தரையைப் பிடிக்க வைக்காது.

பொருத்திய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டரில் பட்டைகளை இறுக்கும் யு போல்ட்டுகள் தளரும், மறுபடி முறுக்க வேண்டும். அலைன்மென்ட் பார்க்க வேண்டும். காலி வண்டியாக ஒருமுறை, மூட்டை ஏற்றி ஒருமுறை அதே மேட்டில் ஏறி, டயரில் உராய்ந்த தடமும் அப்சோர்பர் தண்டில் ஈரமும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அன்றைக்கே கடைக்குத் திரும்பலாம், ரசீது சட்டைப் பையில் இருக்கும்போதே.