பாடநூலில் ஒரு புள்ளி
(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



செல் பாடம் நடத்தும்போது ரைபோசோமைக் கரும்பலகையில் புள்ளி புள்ளியாக வைக்கிறோம். பக்கத்தில் ‘புரதத் தொழிற்சாலை’ என்று எழுதுகிறோம். மணலியையும் எண்ணூரையும் பார்த்து வளரும் நம் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலை என்றால் உடனே புரியும். ஆனால், “அவ்வளவு சின்னதை யாரு பார்த்தாங்க?” என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வோம்? அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ரைபோசோமின் அளவு சுமார் 20 முதல் 30 நானோமீட்டர். நம் ஆய்வகத்து ஒளி நுண்ணோக்கி எவ்வளவு நல்லதானாலும் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்டாது. காரணத்தைத் திருவொற்றியூர்க் கடற்கரையிலேயே சொல்லிக் கொடுக்கலாம். தூண்டில் வளைவுக் கற்களில் அலை மோதித் திரும்புகிறது. அதே அலை, நட்டுவைத்த ஒரு கழியைக் கண்டுகொள்ளாமல் கடந்துபோகிறது. ஒளியும் அலைதான். தன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளை அதனால் காட்ட முடியாது.

எலக்ட்ரானின் அலைநீளம் ஒளியைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு. அதைக்கொண்டு 1931-ல் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினார்கள். ஆனால் அதற்குள் வெற்றிடம். ஈரமான செல்லை அப்படியே வைக்க முடியாது. ருமேனியாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஜார்ஜ் பலாடே, செல்லைச் சிதையாமல் பதப்படுத்தி மிக மெல்லிய சீவல்களாக்கிப் பார்க்கும் முறைகளைச் செம்மைப்படுத்தினார். 1955-ல் அந்தச் சிறு துகள்களை விவரித்தார். 1974-ல் நோபல் பரிசு பெற்றார். நாம் வைக்கும் புள்ளி அவர் கண்ட துகள்தான்.

அந்தப் புள்ளிக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன என்று காட்டியவர்களில் ஒருவர் 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். பள்ளி முடித்தபோது ஐ.ஐ.டி.யிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பரோடாவில் இயற்பியல் படித்து, 1976-ல் அமெரிக்காவில் இயற்பியலிலேயே முனைவர் பட்டம் பெற்றார். அதன் பிறகு உயிரியல் கற்க மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். 2000-ல் எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் ரைபோசோமின் சிறிய துணையலகின் அமைப்பை அவர் குழு வெளியிட்டது. பாக்டீரியாவின் ரைபோசோமில் சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் எங்கே ஒட்டுகின்றன என்பதும் தெரிந்தது. 2009-ல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அறுபது வயதை ஒட்டி, தமக்குப் பரிசு வாங்கித் தந்த முறையை விட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மாறினார். இப்போது செல்லைச் சீவ வேண்டாம், படிகமும் வேண்டாம். பிரித்தெடுத்த ரைபோசோம்களை நீரோடு சேர்த்து நொடிக்குள் உறையவைத்துப் படமெடுக்கிறார்கள். காசிமேட்டில் ஒரே மாதிரிப் படகுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பி நிற்கின்றன அல்லவா? எல்லாவற்றையும் படமெடுத்துச் சேர்த்தால் ஒரு படகின் முழு வடிவம் கிடைத்துவிடும். ரைபோசோமிலும் அப்படித்தான். படிகமாக்கக் கடினமான மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமின் பெரிய துணையலகின் அமைப்பை இவ்வழியில் அவர் குழு 2014-ல் வெளியிட்டது.

பதினோராம் வகுப்புச் சேர்க்கையின்போது, கேட்ட பிரிவு கிடைக்காமல் முகம் வாடி நிற்கும் பிள்ளைகளை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். மீன் இறங்குதளத்திலும் கன்டெய்னர் லாரியிலும் உழைக்கும் பெற்றோர், “இதோட முடிஞ்சதா?” என்று நம்மைத்தான் கேட்கிறார்கள். வெறும் ஆறுதல் அவர்களுக்குப் போதாது. முனைவர் பட்டத்துக்குப் பிறகும் பாடம் மாறியவரின் கதையைச் சொல்லுங்கள். பாடம் மாறுவதற்கு அவருக்கும் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை கரும்பலகையில் அந்தப் புள்ளியை வைக்கும்போது, “இதை எப்படிக் கண்டுபிடித்திருப்பார்கள்?” என்று வகுப்பைக் கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும். விடையை மனப்பாடம் செய்யும் பிள்ளை அன்று கேள்வி கேட்கத் தொடங்கும்.