சட்டப் புத்தகமும் பாமர மக்களும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், சட்டத்தைத் தேடிப் படிப்பது என்பதாகும். இதைக் கேட்டவுடன், "சட்டமென்றால் வக்கீல் சங்கதியல்லவா? நமக்கு அதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். அந்த எண்ணம் நமக்குத் தானாக வந்ததல்ல. சாஸ்திரம் படிக்க உனக்கு அதிகாரமில்லை என்று ஒரு காலத்தில் வாய்விட்டே சொன்னார்கள். சட்டத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சட்டப் புத்தகம் இருந்த அலமாரி நம் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தபடியால், சொல்லாமலேயே அந்தக் காரியம் நடந்து வந்திருக்கிறது.

இதிலுள்ள வேடிக்கையைச் சற்றுப் பாருங்கள். "எனக்குச் சட்டம் தெரியாது" என்று கோர்ட்டில் போய்ச் சொன்னால் அது சமாதானமாகாது. சட்டம் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கோர்ட்டே நடக்கிறது. ஆனால் வயலில் உழைக்கிறவனும், மூட்டை தூக்குகிறவனும் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததுண்டா? பார்த்தாலும் அது இங்கிலீஷில் இருக்கிறது. தெரிந்துகொள்ள வழி வைக்காத ஒன்றை, ஏன் தெரிந்துகொள்ளவில்லை என்று கேட்டுத் தண்டிப்பது என்ன நியாயம்?

நாம் கூடியிருக்கும் இந்த மயிலாப்பூருக்கும் இந்த விஷயத்துக்கும் நெருங்கிய சம்பந்தமுண்டு. சட்டம் என்பது சட்டசபை செய்கிற சட்டம் மட்டுமல்ல. அதற்கு ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் சொன்ன அர்த்தமும் சேர்ந்ததே சட்டம். நேற்று ஒரு வழக்கில் ஐகோர்ட் சொன்னதை, அதே மாதிரி வழக்கு நாளை வந்தால் கீழ்க்கோர்ட் பின்பற்ற வேண்டும். ஆகவே பழைய தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவனுக்கே பலம். 1862-ல் சென்னை ஐகோர்ட் ஏற்பட்டது. தீர்ப்புகளை அச்சிட 1875-ல் ஒரு சட்டம் செய்து, மறு வருஷம் முதல் சர்க்காரே தொகுதிகளை வெளியிட்டது. அது போதாதென்று, இந்த மயிலாப்பூரில் சனிக்கிழமைதோறும் கூடிச் சட்டம் பேசி வந்த வக்கீல்கள், 1891-ல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்ற பத்திரிகையைத் துவக்கினார்கள். பின்னர் 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்' வந்தது. இப்படிப் பல தொகுதிகள் சேர்ந்து, பெரிய வக்கீல் வீடு என்றால் சுவர் முழுவதும் தோல் அட்டைப் புத்தகம் என்று ஆயிற்று.

அந்த வக்கீல்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அவர்கள் கூடினார்கள், உழைத்தார்கள், அச்சிட்டார்கள்; அது நல்ல காரியமே. ஆனால் பலன் யாருக்குப் போயிற்று? புத்தகம் வாங்கப் பணமும், படிக்க இங்கிலீஷும், வைக்க வீடும் உள்ளவர்களுக்கே போயிற்று. தகப்பன் வாங்கி வைத்த புத்தகம் மகனுக்குச் சொத்து. கிராமத்திலிருந்து முதல் முதலாகச் சட்டம் படித்து வந்த பையன் அந்த அலமாரிக்காகப் பெரிய வக்கீல் வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டியிருந்தது. வக்கீலுக்கே இந்தக் கதி என்றால் கட்சிக்காரன் கதி என்ன?

இந்த நிலைமை இப்பொழுது பெரிதும் மாறியிருக்கிறது. கோர்ட் தீர்ப்பை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்று 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2007 டிசம்பரில், ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவுபடுத்திற்று. பிரசுரக்காரர் தம் அறிவைக் கொண்டு சேர்த்த குறிப்பும் பகுப்பும் அவருக்குச் சொந்தமாகலாம். ஆனால் நீதிபதி எழுதிய தீர்ப்பு பொதுச் சொத்து. அடுத்த மாதமே, 2008 ஜனவரியில், சுஷாந்த் சின்ஹா என்ற கம்ப்யூட்டர் படித்த இளைஞர் 'இந்தியன் கானூன்' என்ற இணையதளத்தைத் துவக்கினார். சட்டத்தையும் தீர்ப்பையும் காசில்லாமல் தேடிப் படிக்க அது வழி செய்தது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே தன் தீர்ப்புகளில் ஏறக்குறைய 34,000-ஐ இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்தது. மயிலாப்பூர் அலமாரியில் இருந்தது இன்று மன்னார்குடியில் மாடு மேய்க்கிறவன் செல்போனிலும் வருகிறது. இது சாமானிய மாறுதலல்ல.

ஆனால் தோழர்களே, இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். முன்பு "சாஸ்திரத்தில் இருக்கிறது" என்று சொன்னவுடன் நம் ஜனங்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எந்தச் சாஸ்திரம், யார் எழுதினது, எப்பொழுது எழுதினது என்று கேட்கவில்லை. இன்று "இணையத்தில் இருக்கிறது" என்றவுடன் அப்படியே வாயை மூடிக்கொண்டால், நாம் புத்தகத்தை மாற்றினோமே தவிரப் புத்தியை மாற்றவில்லை என்றுதான் ஆகும்.

நமக்கு மிகவும் பழக்கமான ஒரு விஷயத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். புரோகிதரில்லாமல், சடங்கில்லாமல் நடக்கிற சுயமரியாதைக் கல்யாணம் செல்லுமா என்று ஒருவர் இணையத்தில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1953-ல் சென்னை ஐகோர்ட் சொன்ன தீர்ப்பு அவர் கண்ணில் படுகிறது. அப்படிப்பட்ட கல்யாணம் செல்லாது என்கிறது அது. அவர் அங்கேயே நின்றுவிட்டால் என்ன ஆகும்? மனைவி மனைவியல்ல, பிள்ளைக்குச் சொத்தில்லை என்று பயந்து போவார். பங்காளி அதே காகிதத்தைக் காட்டி மிரட்டவும் மிரட்டுவான். ஆனால் 1967-ல் அண்ணா முதல் மந்திரியாயிருந்தபொழுது, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகத் தமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னாலும், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் கல்யாணம் செல்லும் என்கிறது அந்தப் பிரிவு. அதற்கு முன் நடந்த கல்யாணங்களுக்கும் அது பாதுகாப்பு அளித்தது.

சரி, இத்துடன் முடிந்ததா? இல்லை. 2014-ல் சென்னை ஐகோர்ட், வக்கீல் ஆபீசில் ரகசியமாக நடக்கிற கல்யாணம் இந்தப் பிரிவின்படி செல்லாது என்றது. இதைக் கண்டவர், ஊரைக் கூட்டாத கல்யாணமெல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொள்வார். 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் தவறென்றது. பந்தல் போட்டு ஊரறியச் செய்தாக வேண்டும் என்று 7-ஏ சொல்லவில்லை. வக்கீலாக இருப்பவரும் தொழில் முறையில் அல்லாமல் நண்பராகவோ உறவினராகவோ சாட்சி நிற்கலாம் என்று தீர்த்தது.

பார்த்தீர்களா? இந்த எல்லாமே இணையத்தில் இருக்கின்றன. எதுவும் கட்டுக்கதையல்ல. ஆனால் 1953-ஐ மட்டும் படித்தவனும், 2014-ஐ மட்டும் படித்தவனும் நிஜமான காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏமாந்து போவான். போன வருஷத்து ரயில் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு எழும்பூர் ஸ்டேஷனில் போய் நின்றால், அட்டவணை அச்சிட்டது மெய்தான், வண்டிதான் வராது. ஆகவே சட்டத்தைத் தேடுவது என்பது கிடைப்பதை எடுத்துக்கொள்வதல்ல. கிடைத்தது இன்னும் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதாகும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் மனிதனைப் போலப் பதில் எழுதித் தருகிற கம்ப்யூட்டர் இயந்திரங்கள் இப்பொழுது வந்திருக்கின்றன. 2023-ல் அமெரிக்காவில் நியூயார்க் வக்கீல்கள், ஒரு விமானக் கம்பெனி மீது நடத்திய வழக்கில், அப்படிப்பட்ட 'சாட்ஜிபிடி' என்ற இயந்திரம் கொடுத்த தீர்ப்புகளை எடுத்துக் காட்டினார்கள். தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட தீர்ப்புகளே உலகத்தில் கிடையாது! இயந்திரம் கட்சிக்காரர் பெயர், கோர்ட் பெயர், வருஷம் எல்லாவற்றையும் சொந்தமாகக் கற்பித்துக் கொடுத்திருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார். 2025 ஜூலையில் கேரள ஐகோர்ட், தனக்குக் கீழுள்ள கோர்ட்டுகள் இவ்வித இயந்திரத்தைக் கொண்டு தீர்ப்பு முடிவு செய்யக் கூடாதென்று விதி செய்தது. இயந்திரத்தை விலக்க வேண்டும் என்பதல்ல நமது கருத்து. அதன் வார்த்தையை அசரீரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே.

"அப்படியானால் பாமரன் எப்படித்தான் தெரிந்துகொள்வது?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தீர்ப்பைக் கண்டால் ஐந்து கேள்வி கேளுங்கள். சொன்னது எந்தக் கோர்ட்? எந்த வருஷம்? அப்பீலிலோ பிந்திய தீர்ப்பிலோ அது மாறியதா? அது பேசுகிற சட்டம் இன்னும் இருக்கிறதா? அந்த வழக்கின் சங்கதியும் நம் சங்கதியும் ஒன்றுதானா? நாலாவது கேள்விக்கு ஒரு உதாரணம்: மோசக்காரனை 'நானூற்றிருபது' என்று நாம் இன்றும் சொல்லுகிறோம். ஆனால் 1860-ம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் 'பாரதிய நியாய சம்ஹிதா' வந்துவிட்டது. அதில் மோசடி 318-வது பிரிவு. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய பிரிவு. பின் நடந்ததற்குப் புதிய பிரிவு. இந்த ஐந்து கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் போனால், அவர் நம்மைப் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவச உதவி தர 1987-ம் வருஷத்துச் சட்டம் வழி செய்திருக்கிறது. அது தர்மமல்ல, உரிமை.

இனி நூலகத்துக்கு வருவோம். செல்போன் இருக்கையில் நூலகம் எதற்கு என்று சில படித்தவர்களே கேட்கிறார்கள். செல்போன் காகிதத்தைக் கொடுக்கும். எது பழையது, எது புதியது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுக்க ஆள் வேண்டாமா? புத்தகத்தை வாசகனிடம் சேர்ப்பதே நூலகன் வேலை என்று சென்னைச் சர்வகலாசாலை நூலகராயிருந்த ரங்கநாதன் ஆயுள் முழுவதும் போதித்தார். அவருடைய முயற்சியின் பயனாக 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டி வருகிறோம். எழும்பூரில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. அடையாற்றுக்குப் பக்கத்தில் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2011-ல் அந்தக் கட்டடத்தை ஆஸ்பத்திரியாக்குவதாகச் சர்க்கார் அறிவித்தபொழுது, பொது ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐகோர்ட் அதை நிறுத்தி வைத்தது. சட்டம் தெரிந்தவர்கள் இருந்தபடியால்தான் அந்த நூலகம் இன்று அங்கே இருக்கிறது.

ஆனால் பெரிய நூலகம் பட்டணத்தில் இருந்தால் மட்டும் போதாது. தியாகராய நகரிலும் தாராபுரத்திலும் உள்ள ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு கம்ப்யூட்டரும், சட்டம் தேடிக் கொடுக்கப் பழகிய ஒரு ஆளும் இருக்க வேண்டும். தமிழில் வேண்டும் என்பதும் முக்கியம். ஐகோர்ட்டில் தமிழ் வேண்டுமென்று 2006-ல் நம் சட்டசபை தீர்மானம் செய்தது, இன்னும் கைகூடவில்லை. சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகள் சில தமிழில் பெயர்த்துப் போடப்படுகின்றன. ஆனால் தகராறு வந்தால் இங்கிலீஷே செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. தன் தலையெழுத்தைத் தீர்மானிக்கிற தீர்ப்பைத் தன் பாஷையில் படிக்க முடியாதவன் எப்படிச் சுதந்தர மனிதனாவான்?

ஆகவே தோழர்களே, உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். எவர் சொன்னாலும், எதில் இருந்தாலும், ஆராய்ந்து பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், சட்டம் பார்க்க வசதி எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால், வரி கட்டுகிறவன் என்ற முறையில் எழுதிக் கேளுங்கள். படித்த இளைஞர்கள் வாரத்தில் ஒரு மாலை அங்கே உட்கார்ந்து, கேட்டு வருகிறவர்களுக்குத் தேடிக் காட்டுங்கள். அன்று சனிக்கிழமைதோறும் சில பேர் கூடியதால் ஒரு தொழில் வளர்ந்தது. இன்று ஊர்தோறும் நாம் கூடினால் ஒரு சமூகமே பயம் தெளியும் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.