விதியும் விதிகளும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பேராசிரியர்களும் பொறியாளர்களும் வீற்றிருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் ரயில்வே அலுவலகத்தில் கோப்புப் புரட்டும் குமாஸ்தாவுக்குப் பொருளாதாரம் பேச என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். யாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயினும் செயலாளர் அவர்களின் அன்புக் கட்டளையை மீற இயலவில்லை. யாம் கூறப்போவது நூலறிவு அன்று. மாதந்தோறும் சம்பளப் பட்டியலைப் பார்த்துப் பெற்ற அறிவே ஆகும்.

ஒருவன் செல்வனாவதும் வறியவனாவதும் தலைவிதி என்பது நம் வீட்டுப் பெரியோர் வாக்கு. ஆனால் தமிழில் ‘விதி’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. ஒன்று தலையில் எழுதியது. மற்றொன்று சட்டப் புத்தகத்தில் எழுதியது. நடுத்தர வகுப்பாரின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் இரண்டாவது விதியால் அமைந்தவை. இதுவே யாம் இன்று சொல்ல வந்த செய்தி.

எம் பாட்டனார் வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து கரக்பூருக்கு வந்து, பட்டறையில் கலாசியாகச் சேர்ந்தார். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்தவர் அவர். எம் தந்தையார் பிட்டர் ஆனார். யாம் குமாஸ்தா ஆனோம். எம் மகள் இப்பொழுது கல்லூரியில் பயில்கிறாள். இத்தகைய கதை இவ்வவையில் பாதிப் பேருக்கு உண்டு அன்றோ? அடுக்கடுக்காக ஏறிவந்த இந்த ஏணி தானே முளைத்ததன்று. 1953ஆம் ஆண்டில் பெருஞ்சொத்து வைத்து இறப்போரின் சொத்துக்கு மரண வரி விதிக்கப்பட்டது. 1957இல் செல்வ வரி வந்தது. அதே 1957 நவம்பரில்தான் ரயில்வே ஊழியர்க்கு ஓய்வூதியத் திட்டமும் வந்தது. 1969இல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. அதன்பின் சிற்றூர்களிலும் வங்கிக் கிளைகள் பெருகின. உச்சியிலிருந்து சிறிது எடுத்து, அடியில் ஒரு படி கட்டுவது என்பதே அக்காலத்து எண்ணம்.

பின்னர் அப்படிகள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டன. 1985இல் மரண வரி நீக்கப்பட்டது. 2015ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் செல்வ வரி கைவிடப்பட்டது. அதற்கு ஈடாகக் கோடி ரூபாய்க்கு மேல் வருமானம் உடையோர்மீது இரண்டு விழுக்காடு கூடுதல் மேல்வரி விதிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அன்று கணக்கிட்டது. சோப்புக் கட்டி வாங்கும்போதோ கோடீசுவரரும் கூலிக்காரரும் ஒரே வரியைச் செலுத்துகின்றனர்.

எம் அலுவலகத்தில் நிகழ்ந்தது என்ன? எமக்கு எதிர் மேசையில் ஒரு நண்பர் இருக்கிறார். ஒரே வேலை, ஒரே மின்விசிறி, மாலையில் ஒரே தேநீர். அவர் 2002இல் சேர்ந்தவர். யாம் 2006இல் சேர்ந்தோம். 2004 சனவரி முதல் நாளிலும் அதற்குப் பின்னும் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர்க்கு, முப்படையினர் நீங்கலாக, பழைய ஓய்வூதியம் இல்லை என்று விதி வந்தது. அவர் ஓய்வு பெற்றால் கடைசிச் சம்பளத்தில் பாதி உறுதி. எமக்கோ மாதந்தோறும் பத்து விழுக்காடு பிடித்துக்கொண்டு, அரசின் பங்கையும் சேர்த்துச் சந்தையில் இடும் ஏற்பாடு. முதுமையில் கிடைப்பது எவ்வளவு என்பது சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது. எம் அன்னையாரின் மருந்துச் செலவு இன்றும் தந்தையாரின் குடும்ப ஓய்வூதியத்தில்தான் நடக்கிறது. அந்தக் காகிதத்தைக் காணும்போதெல்லாம் எமது முதுமை நினைவுக்கு வருகிறது.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பாட்டனார் ஏறிய முதற்படியே இன்று பல இடங்களில் இல்லை. 1991ஆம் ஆண்டையொட்டி ரயில்வேயில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை 12 இலட்சத்தை ஒட்டி நிற்கிறது. நடைமேடையைக் கூட்டுபவரும் பெட்டியைக் கழுவுபவரும் பெரும்பாலும் காண்டிராக்ட் ஆட்கள். அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் இல்லை, பாஸ் இல்லை, அடுத்த ஆண்டு வேலை உண்டா என்ற உறுதியும் இல்லை. அன்று கலாசியின் மகன் பிட்டர் ஆனான். இன்று அவர்கள் பிள்ளைகள் எந்தப் படியில் கால் வைப்பார்கள்?

தாமஸ் பிக்கெட்டி முதலிய நால்வர் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒரு மதிப்பீட்டைத் தருகிறது. 1980களின் தொடக்கத்தில் நாட்டு வருமானத்தில் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினர் பெற்றது சுமார் ஆறு விழுக்காடு. 2022-23இல் 22 விழுக்காட்டுக்கு மேல். அவ்வாண்டில் நடுவிலுள்ள நாற்பது விழுக்காட்டினர்க்குக் கிடைத்தது 27 விழுக்காடே. நாற்பது பேர் அமர்ந்த பந்தியில் இருபத்தேழு இலை போட்டது போன்றது இது.

ஒரு பக்கத்தை மட்டும் கூறுதல் நேர்மையாகாது. 1991க்குப் பின் கொடிய வறுமை குறைந்தது மெய். தொலைபேசிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் போயிற்று. நம்மவர் பிள்ளைகள் பலர் பெங்களூரில் நற்பணியில் உள்ளனர். 1970களின் தொடக்கத்தில் வருமான வரி உச்சத்தில் 97 விழுக்காட்டைத் தாண்டியது. அது வரி ஏய்ப்பையே வளர்த்தது. மரண வரியால் வந்த வருவாயும் சொற்பமே. ஓய்வூதியச் சுமை பெருகும் என்ற அரசின் அச்சமும் பொய்யன்று. பழுதுபட்ட ஏணியைச் செப்பனிட வேண்டியது அவசியமே. ஆனால் செப்பனிடுவது வேறு, படியைக் கழற்றுவது வேறு.

விதிகளை மாற்றவும் இயலும். பல்லாண்டு முறையீட்டுக்குப் பின், 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. 25 ஆண்டு பணி செய்து அதனை ஏற்றோர்க்கு, கடைசிப் பன்னிரண்டு மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி உறுதியாயிற்று. பழைய திட்டத்துக்கு அது முற்றும் நிகரன்று. ஊழியர் சம்பளத்தில் பிடித்தம் தொடர்கிறது. எனினும் எழுதிய கையே திருத்தியும் எழுதும் என்பதற்கு அது சான்று. காண்டிராக்ட் தொழிலாளிக்காக முறையிடுவோர்தாம் குறைவு. சங்கம் வைத்திருப்பவர்கள் நாம். அவர்களுக்காகவும் பேசுதல் நம் கடன்.

ஆகவே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறோம். நம் சங்க நூலகத்தில் நாவல்களுக்கு அருகே ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டச் சுருக்கமும் ஓய்வூதிய விதிகளும் இடம்பெறட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, அறிந்தவர் படித்து அறியாதவர்க்கு விளக்கட்டும். நிலையத்தைக் கூட்டும் தோழர்களையும் அதற்கு அழைப்போம். தலையில் எழுதியதை நாம் படிக்க இயலாது. சட்டத்தில் எழுதியதைப் படிக்க இயலும். படித்தவர்களே அதைத் திருத்தக் கேட்கவும் இயலும்.