சேர்ந்து படித்தால்

நம்ம தருமபுரி மாவட்டத்துல, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல இருக்கு சிட்டிலிங்கி. 1993-ல ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு கூரைக் குடிசையில வைத்தியம் பார்க்கத் தொடங்கினாங்க. உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே நர்ஸ் வேலைக்குத் தயார் பண்ணினாங்க. டாக்டர் பக்கத்துலயே நின்னு அந்தப் பெண்கள் பிரசவம் பார்க்கக் கத்துக்கிட்டாங்க. கற்றது அவங்க மட்டுமா? மலைத் தாய்மாரோட பயமும் பழக்கமும் அந்தப் பெண்களுக்குத்தானே தெரியும்! டாக்டருக்கும் அது பாடம்தான்.

ஆனா நம்ம கல்லூரிகள்ல பெரும்பாலும் டாக்டருக்குப் படிக்கிறவங்க ஒரு பக்கம், நர்ஸுக்குப் படிக்கிறவங்க இன்னொரு பக்கம். ஒருத்தர் வேலை இன்னொருத்தருக்குத் தெரியாது. தெரியாத இடத்துல மதிப்பு எப்படி வரும்? சேர்ந்து கத்துக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2010-லயே வலியுறுத்தியிருக்கு.

சர்க்கரை நோயாளிக்குக் கால்ல புண்ணுன்னு வைங்க. டாக்டர் மருந்து எழுதுறார். ரெண்டு மாத்திரை ஒத்துப்போகாதுன்னா மருந்தாளுநர் சொல்றார். கட்டுப் பிரிக்கும்போது புண்ணோட நிறம் மாறினதை முதல்ல பார்க்கிறது நர்ஸ். சேர்ந்து படிச்சிருந்தா, நர்ஸ் தயங்காம சொல்வாங்க. டாக்டரும் காது கொடுத்துக் கேட்பார். ஒருநாள் வகுப்புல இந்தப் பழக்கம் வராது. வார்டுலயே, மாசக்கணக்கா சேர்ந்து கத்துக்கணும்.

மருத்துவம் படிக்கிற தம்பி, தங்கைகளே! இன்னைக்கு வார்டுக்குப் போனதும் நர்சிங் மாணவி ஒருத்தர்கிட்ட கேளுங்க: "இந்த நோயாளிகிட்ட நீங்க என்ன கவனிச்சீங்க?"