டப்பா மத்தியின் ஆகாரச் சத்து
(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



கல்வி, கைத்தொழில், கலியாணச் செலவைக் குறைத்தல் முதலிய கனமான விஷயங்கள் பேசப்படும் இம்மேடையில், தகர டப்பாவில் அடைத்த மத்தி மீனைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும், 2019-21ஆம் வருஷங்களில் எடுக்கப்பட்ட தேசீயக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் இரத்தசோகை உடையவர்கள். நம் வீட்டுப் பெண்மக்கள் இக்கணக்கிற்குப் புறம்பானவர்கள் என்று எண்ண யாதொரு ஆதாரமும் இல்லை. ஆகவே, அடுக்களை விஷயமும் இச்சங்கத்தின் விஷயமே என்று துணிந்து பேசுகிறேன். மரக்கறி உணவையே விரதமாகக் கொண்டவர்களை மாற்றுவது என் நோக்கமன்று. மீன் உண்ணும் குடும்பங்களுக்கே இதைச் சொல்லுகிறேன்.

மத்தி என்றும் சாளை என்றும் நாம் வழங்கும் மீனும், மேல்நாட்டார் சார்டீன் என்னும் மீனும் நெருங்கிய உறவினம். ஐரோப்பியக் கடல்களில் அகப்படுவது ஒரு சாதி. மலையாளக் கரையில் திரளாகவும், 1980களுக்குப் பின் நம் சோழமண்டலக் கரையிலும் அகப்படுகின்ற எண்ணெய் மத்தி மற்றொரு சாதி. சார்டீன் என்ற பெயரில் விற்கும் டப்பாக்களில் எந்த மீன் இருக்கிறதென்பதை மேலொட்டிய சீட்டைப் படித்தே அறியவேண்டும். இப்பெயர் யாருக்கு உரியது என்று பெரு தேசத்தாரும் ஐரோப்பியரும் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்காடி, 2002ஆம் வருஷம் பெரு தேசத்தார் வென்றனர். மீனின் பெயருக்கும் வழக்கு உண்டென்பதை நம் வக்கீல் அங்கத்தினர்கள் கவனிக்க!

உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடேற்றிக் காக்கும் வித்தையைக் கண்டவர் நிக்கோலாஸ் அப்பெர் என்னும் பிரெஞ்சுக்காரர். அவர் கண்ணாடிப் புட்டிகளையே உபயோகித்தார். 1810ஆம் வருஷம் தம் முறையைப் புஸ்தகமாக வெளியிட்டார். அதே வருஷம் இங்கிலாந்தில் தகரம் பூசிய இரும்பு டப்பாவுக்கு உரிமைப் பத்திரம் வழங்கப்பட்டது. பழைய சென்னை மாகாணத்திலும் இத்தொழிலுக்குப் பூர்வீகம் உண்டு. கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட ஸர் பிரெடரிக் நிக்கல்ஸன் அவர்களே 1907ஆம் வருஷம் தொடங்கிய மீன்வள இலாகாவையும் முன்னின்று நடத்தினார். அவ்விலாகா மலையாளக் கரையில் பேப்பூருக்கு அருகே மீனை டப்பாவில் அடைக்கும் பரீட்சைகளைச் செய்தது.

இனிச் சத்தைப் பார்ப்போம். தலையும் குடலும் நீக்கி, உப்பு நீரில் ஊறவைத்து, ஆவியில் வேகவைத்த மீனை எண்ணெயுடனோ தக்காளிச் சாற்றுடனோ டப்பாவில் அடைத்து மூடுகின்றனர். பிறகு, ஏறக்குறைய 115 முதல் 121 பாகை உஷ்ணத்தில் நீராவி அழுத்தத்தில் வைக்கின்றனர். கிருமிகளைக் கொல்வதற்காகச் செய்யும் இக்காரியம் வேறொரு நன்மையையும் தருகிறது: மீனின் முள் மாவுபோல் மிருதுவாகிவிடுகிறது. நான் இன்று சொல்ல வந்ததன் உயிர்நிலை இதுவே. முள்ளில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. எண்ணெயை வடித்து, முள்ளோடு உண்ணும் 100 கிராம் டப்பா மத்தியில் ஏறக்குறைய 380 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இது 300 மில்லி பாலில் உள்ளதற்குச் சமம். முள் நீக்கிய சதையாக வரும் சூரை மீன் டப்பாவிலோ, அதே எடையில் 20 மில்லிகிராம்கூட இராது. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வேண்டும் என்று நம் தேசத்து வைத்திய ஆராய்ச்சிக் குழு வரையறுத்திருக்கிறது. பால் குடித்தால் வயிறு பொருமும் என்று ஒதுக்குவோரும், பிரசவித்த தாய்மாரும், எலும்பு தேயும் வயதினரும் இதைக் கவனிக்கவேண்டும். ஆனால் நடப்பதென்ன? டப்பாவைத் திறந்ததும் நம் பெண்மணிகள் மிகுந்த சிரத்தையுடன் நடுமுள்ளை உருவி எறிகின்றனர். விலை கொடுத்து வாங்கியதில் பெரும்பகுதி குப்பைத் தொட்டிக்குப் போகிறது! தொண்டையில் குத்துமோ என்ற அச்சம் பச்சை மீனுக்குப் பொருந்தும். நன்றாக வெந்த டப்பா மத்தியின் முள்ளோ விரலால் அழுத்தினால் பொடியாகும். சிறு குழந்தைகளுக்குச் சதையோடு சேர்த்து மசித்துக் கொடுத்தால் போதும்.

புரதச் சத்து 100 கிராமில் 24 கிராமுக்கு மேல். அதே எடை கோழிமுட்டையில் இருப்பதைப் போல் இருமடங்கு. இருதயத்துக்கும், கருவிலிருக்கும் சிசுவின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு ஏறக்குறைய 1 கிராம். சுண்ணாம்பை உடலில் சேர்ப்பிக்கும் வைட்டமின் டி ஒரு நாளைக்கு வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு உண்டு. வைட்டமின் பி 12 ஒரு நாளைத் தேவையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது. உஷ்ணத்தால் வைட்டமின் பி 1 ஓரளவு அழிந்துபோவது உண்மையே. அதைப் பருப்பிலும் தீட்டாத அரிசியிலும் தேடிக்கொள்ளலாம்.

இரும்புச் சத்தைப் பற்றி மட்டும் மிகைப்படுத்திக் கூற எனக்கு மனமில்லை. 100 கிராமில் இருப்பது 3 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. பெண்களுக்கு வேண்டுவதோ நாளுக்கு 29 மில்லிகிராம். ஆகவே டப்பா மத்தி ஒன்றே இரத்தசோகையைத் தீர்த்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்பவேண்டாம். வைத்தியர் கொடுக்கும் இரும்பு மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் மீனிலுள்ள இரும்பில் ஒரு பகுதி உடலில் எளிதில் ஏறும். அன்றியும், அதே இலையில் இருக்கும் கீரையின் இரும்பையும் மீன் ஏறச் செய்யும். உண்டவுடன் காபியோ தேநீரோ அருந்தினால் அந்த லாபத்தில் பாதி போய்விடுகிறது. நம் வீடுகளில் விருந்தாளிக்குக் கை கழுவியவுடன் காபி நீட்டும் உபசாரத்தைச் சற்றுப் பிற்படுத்தினால் நலம்.

இவ்வளவு சத்துள்ள மீன் நம்மவரிடையே மதிப்பிழந்தது ஏன்? மத்தி ஏழை உண்ணும் மீன், அதன் வாடை அண்டை வீட்டுக்குத் தெரியும், என்பனவே காரணம். ஒரு குடும்பம் நாலு காசு சேர்த்தவுடன் முதலில் மத்தியை விட்டு வஞ்சிரத்துக்குப் போகிறது. சம்பந்திமார் வந்தால் மத்தி வாங்கினதையே மறைக்கின்றனர். வஞ்சிரத் துண்டின் நடுமுள்ளை யாரும் மெல்லுவதில்லையாதலால், சுண்ணாம்புச் சத்தில் அவர்கள் பெரும் விலை கொடுத்துச் சிறு லாபமே பெறுகின்றனர். மேலும், பெரிய மீன்கள் சிறியவற்றைத் தின்று வளர்வதால் அவற்றின் உடலில் பாதரசம் சேரும். மிதவை உயிர்களை உண்டு சில வருஷமே வாழும் மத்தியில் அது மிகக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு இவ்வேற்றுமை அற்பமன்று.

அப்படியானால் எல்லாரும் டப்பாவையே வாங்கவேண்டுமோ எனின், வேண்டுவதில்லை. கரையோர ஊர்களில் பச்சை மத்தி கிடைக்கும்போது அதுவே மலிவு. புளிக்கரைசலும் மிளகாயும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் குக்கரில் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வைத்தால் அந்த முள்ளும் இளகிவிடும். அன்றே உண்ணவேண்டியது, டப்பாபோல் அடைத்து வைக்கத் தகாது. உள்நாட்டு ஊர்களுக்கும், விடுதிப் பிள்ளைகளுக்கும், கீழைக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப் படகுகள் நிற்கும் 61 நாட்களுக்கும், அடுப்பு மூட்ட நேரமில்லாமல் வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்குமே டப்பா உதவி. மலேயா நாட்டிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம் உறவினருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெங்காயமும் மிளகாயும் வதக்கிச் சேர்த்து அவர்கள் செய்யும் சார்டீன் சம்பால் பிரசித்தம்.

வாங்குவோருக்குச் சில எச்சரிக்கைகள். உப்பிய டப்பாவையும், ஒழுகுவதையும், திறக்கையில் சீறுவதையும் ருசி பாராமல் எறிந்துவிடுக. அதில் உயிரைக் கொல்லும் விஷம் இருக்கலாம். 100 கிராமில் ஏறக்குறைய 1 கிராம் உப்பு முன்னமே இருப்பதால் குழம்பில் உப்பைக் குறைக்கவேண்டும். இரத்த அழுத்தம் உடையோர் சீட்டிலுள்ள சோடியக் கணக்கைப் பார்த்தே வாங்குக. யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்கும் நோயுடையோர் வைத்தியரைக் கேளாமல் உண்ணலாகாது. திறந்த பின் மிகுந்ததை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு நாளைக்குள் தீர்த்துவிடவேண்டும்.

நமது மாணவர் விடுதி நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். மீன் உண்ணும் பிள்ளைகளுக்கு வாரத்தில் இரண்டு நாள், பச்சையாகவோ டப்பாவாகவோ, முள்ளோடு மத்தி கொடுக்க ஏற்பாடு செய்யக் கோருகிறேன். அதற்காகும் செலவை இவ்வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் சேர்ப்பதைப் பற்றி அங்கத்தினர்கள் இங்கேயே தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கலாம். பின்கட்டில் மாதர் கமிட்டியார் சில டப்பாக்களைத் திறந்து வைத்திருக்கின்றனர். முள்ளைக் குறித்துச் சந்தேகமுள்ளவர்கள் அங்கே சென்று விரலால் நசுக்கிப் பார்க்கலாம்.