தலைபாரமும் சிவப்புக் கோடும்



மாதேஸ்வரன் மலை கர்நாடகத்தில் இருக்கிறது. முன்பு மைசூர் மாவட்டம். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் தமிழ்நாட்டிலிருந்தும் மக்கள் அங்கே போகிறார்கள். திரும்பி வந்ததும் சிலருக்குச் சளி பிடிக்கிறது. "மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்கிறார்கள். குளிர் மட்டும் சளியைத் தராது. கூட்டத்தில் தும்மலால் பரவும் வைரஸ் கிருமிதான் தருகிறது.

நெற்றி எலும்பிலும் கன்ன எலும்பிலும் சிறு அறைகள் உண்டு. அவற்றின் வழி மூக்கில் திறக்கிறது. சளி பிடித்தால் அந்த வழி வீங்கி அடைபடும். உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். தலை பாரமாகும். குனிந்தால் வலி கூடும். இதைத்தான் 'சைனஸ்' என்கிறார்கள்.

உடனே சிலர் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை இரண்டு வாங்கி விழுங்குகிறார்கள். இது சரியா?

சரியல்ல. ஆன்டிபயாடிக் பாக்டீரியா கிருமியைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. சைனஸ் தொல்லை பெரும்பாலும் வைரஸால் வருகிறது. 7 முதல் 10 நாளில் தானே குறையும். ஓய்வு போதும். கொதிக்க வைத்து ஆற்றிய உப்புநீரால் மூக்கைக் கழுவலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

10 நாள் ஆகியும் குறையாவிட்டால்.
குறைந்த தொல்லை மீண்டும் கூடினால்.
கடும் காய்ச்சலோடு முகம் வலித்துச் சீழ் போன்ற சளி வந்தால்.

கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கழுத்து விறைத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தேவையில்லாமல் சாப்பிட்டால் மருந்துக்குச் சாகாத கிருமிகள் தங்கிப் பெருகும். நாளை குழந்தைக்கு நிமோனியா வந்தால், பிரசவப் புண் சீழ் பிடித்தால், அதே மருந்து கேட்காது. உயிரே போகலாம். 1928-இல் பென்சிலினைக் கண்டுபிடித்தவர் அலெக்சாண்டர் ஃப்ளெமிங். 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது அவரே இந்த ஆபத்தை எச்சரித்தார்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டும் தர வேண்டிய மருந்து. பெயரைப் படியுங்கள். தேதியைப் படியுங்கள். கற்ற எழுத்து உங்கள் வீட்டு உயிரைக் காக்கட்டும்.