காய்ச்சலில் வரும் வெட்டு: மறைக்க வேண்டாம், பதற வேண்டாம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சிருக்கேன். மைக் முன்னாடி நின்னு பழக்கமில்லை. சேமிப்பு, கடன் பத்தி மத்தவங்க நல்லாப் பேசிட்டாங்க. நான் என் மகளுக்கு வந்ததைப் பத்திப் பேசுறேன்.

அவளுக்கு அப்போ ஒண்ணரை வயசு. ஐப்பசி மழை, ஆத்துல வெள்ளம். காலையில உடம்பு லேசாச் சுட்டது. சளிதானேன்னு பாயில் படுக்கப் போட்டுட்டு அடுப்பில் பாலை வச்சேன். திரும்பிப் பார்த்தா பிள்ளைக்குக் கண்ணு மேல சொருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது. வாயில் நுரை. உதடு நீலம். பிள்ளை போயிட்டுன்னுதான் நினைச்சேன்.

அத்தை ஓடி வந்து சாவிக்கொத்தைக் கையில் திணிச்சாங்க. நாக்கைக் கடிச்சிரும்னு பக்கத்து வீட்டு மைனி கரண்டிக் காம்பை வாயில் விட்டாங்க. ஈறு கிழிஞ்சு ரத்தம் வந்துட்டு. நான் கையையும் காலையும் அமுக்கிப் பிடிச்சேன். எல்லாரும் பாசத்துல செஞ்சதுதான். ஆனா எல்லாமே தப்பு.

எவ்வளவு நேரம் இழுத்ததுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அரை மணி நேரம்னு சொன்னேன். மைனிதான், "இல்லம்மா, அடுப்புல வச்ச பால் பொங்கக்கூட இல்ல"ன்னாங்க.

இதுக்குப் பேரு காய்ச்சல் வலிப்பு. 6 மாசத்துல இருந்து 5 வயசுக்குள்ள, 100 பிள்ளைகள்ல 2 முதல் 5 பேருக்கு வருதாம். பெரும்பாலும் 5 நிமிஷத்துக்குள்ள தானா நின்னுரும். அப்படி நின்னா மூளைக்குக் கெடுதல் இல்லை. ஒரு தடவை வந்த பிள்ளைகள்ல மூணுல ஒண்ணுக்குத் திரும்பவும் வரலாம். ஆனா ரொம்பப் பேருக்கு வளர வளர நின்னுரும், காக்கா வலிப்பா மாறாது.

இதைக் கேட்ட பிறகும் நான் ஒரு தப்பு செஞ்சேன். "பொட்டப்பிள்ளை, வெளியில சொல்லாத. நாளைக்கு ஒரு இடத்துல கட்டிக் குடுக்கணும்"னு வீட்டுல சொன்னாங்க. நானும் மறைச்சேன். அங்கன்வாடியில சேர்க்கும்போதுகூடச் சொல்லலை. அங்க வச்சு ரெண்டாவது தடவை வந்துட்டு. ஒண்ணும் தெரியாம பதறி வாயில் தண்ணியை ஊத்திட்டாங்க. பிள்ளைக்குப் புரையேறி மூச்சு முட்டிப் போச்சு. தெய்வாதீனமாப் பிழைச்சா. தப்பு அவங்களோடது இல்லை, சொல்லாத என்னோடது.

அதனால என்ன செய்யணும்னு சொல்றேன், கேட்டுக்கோங்க.

பிள்ளையைத் தரையில ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எச்சில், வாந்தி வெளியே வந்துரும், மூச்சுக்குழாய்க்குப் போகாது. கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்க. பக்கத்துல அடுப்பு, அருவாமனை இருந்தா நகர்த்துங்க. கை காலை அமுக்காதீங்க. வாயில் கரண்டி, விரல், தண்ணி, மருந்து எதுவும் வேண்டாம். விபூதி நெத்தியில பூசுங்க, வாயில போடாதீங்க. இரும்பு பிடிச்சா நிக்காது, அது நிக்கிற நேரத்துக்குத்தான் நிக்கும். உடனே மணியைப் பாருங்க. 5 நிமிஷம் தாண்டினா 108-க்குப் போன் பண்ணுங்க.

முதல் தடவைன்னா, நின்னுட்டாலும் அன்னைக்கே டாக்டர்ட்ட காட்டணும். அதே நாள்ல திரும்ப வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, நின்ன பிறகும் பிள்ளை தெளியாம இருந்தாலோ, கழுத்து விறைச்சாலோ, 6 மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளைன்னாலோ தாமதிக்கவே கூடாது. மூளைக்காய்ச்சலா இருக்கலாம். 2012-ல நம்ம மாவட்டம் டெங்குவுல பட்ட பாடு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வெட்டு நின்னாப் போதாது, காய்ச்சல் எதனாலன்னு தெரியணும்.

பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125, 250னு ரெண்டு அளவு இருக்கு. பாட்டிலைப் பார்த்து, பிள்ளை எடைக்கு டாக்டர் சொன்ன அளவுதான் குடுக்கணும். மருந்து குடுத்தும் வெட்டு வரலாம். அது தாயோட கவனக்குறைவு இல்லை. இதுக்குப் பயந்து தடுப்பூசியையும் நிறுத்திராதீங்க.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ரெண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைக்கணும். மாசக் கூட்டத்துல ஒரு தடவை, தலையணையைப் பிள்ளையா நினைச்சு ஒருக்களிச்சுப் படுக்க வச்சுப் பழகணும். சந்தேகம்னா 104-க்குப் பேசலாம், காசு இல்லை.

என் மக இப்போ ரெண்டாம் வகுப்பு படிக்கா. மூணு வயசுக்கு அப்புறம் வரவே இல்லை. அவ முன்னாடியேதான் இதைச் சொல்றேன், அந்தா பின்னால உக்காந்திருக்கா. மறைக்க இதுல ஒண்ணுமே இல்லை.